வினைல் வெட்டுக்கு எந்த ட்ரேஸ் உகந்தது? தமிழ் எழுத்தை முன்வைத்து ஓர் அலசல்

வினைல் எனும் ஸ்டிக்கர் தாளைக் கத்தியால் வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டருக்கு நிறமும் தெரியாது, படத்தின் சிறு புள்ளிகளான பிக்சலும் தெரியாது. கத்தி எங்கே இறங்கி, எந்தப் பாதையில் நகர்ந்து, எங்கே எழ வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தேவை. பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஸ்டிக்கர் கடை நடத்துபவர்களின் கைக்கு வருவதோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுருங்கிவந்த ஒரு ஜேபெக் படம். அதைக் கோடுகளும் வளைவுகளுமான வெக்டர் பாதையாக மாற்றுவதுதான் ட்ரேஸ். அதற்கு உள்ள வழிகளை, தமிழ் எழுத்தை மனத்தில் வைத்து ஒப்பிடுவதே இங்கு நோக்கம்.

இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருள் இங்க்ஸ்கேப். அதன் ட்ரேஸ் வசதிக்குள் இயங்குவது, பீட்டர் செலிங்கர் 2001-இல் உருவாக்கிய போட்ரேஸ் என்ற நிரல். அது கறுப்பு, வெள்ளை என்ற இரண்டை மட்டுமே அறியும் என்பதால், எழுத்தின் விளிம்பில் கிடக்கும் சாம்பல் நிறப் பிக்சல்கள் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதை நாம் வைக்கும் பிரகாச வரம்புதான் முடிவு செய்கிறது. வரம்பைக் கூட்டினால் எழுத்து தடித்துச் சுழிகள் அடைபடும்; குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துவிடும்.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் ட்ரேஸ் வசதியான பவர்ட்ரேஸ், 2006-இல் வந்த எக்ஸ்3 பதிப்பு முதல் உள்ளது. பல நிற லோகோவைப் பிரித்து நிறத்துக்கு ஒரு வினைலாக வெட்ட வேண்டுமானால் இதையே பரிந்துரைப்பேன். நிறங்களை இணைப்பதும் குறைப்பதும் முன்காட்சியிலேயே முடிகிறது, பாதையைத் தாங்கும் புள்ளிகளான நோடுகளின் எண்ணிக்கையும் கண்முன் தெரிகிறது. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் இமேஜ் ட்ரேஸும் இதே வகைதான். ஏற்கெனவே அதில் வேலை செய்பவர் மாற வேண்டியதில்லை.

ஆனால், ஆட்டோவின் பின்கண்ணாடிக்கு ‘நெல்லையப்பர் துணை’ என்று வெட்டும்போது இவை எல்லாமே தடுமாறுகின்றன. மங்கலான படத்தில் ‘ணை’யின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூன்று புள்ளிகளும் வட்டமாக வராமல் கோணல்மாணலாக வருகின்றன. தூசியை நீக்கும் அளவைக் கூட்டிவிட்டாலோ, சிறிய படத்தில் புள்ளியே தூசியோடு போய்விடும். நோடுகள் நெருக்கமாக விழுந்த வளைவில் கத்தி தயங்கித் தயங்கித் திரும்புவதால் விளிம்பு பிசிறடிக்கும். வேண்டாத வினைலை உரிக்கும்போது புள்ளி பெயர்ந்து கையோடு வந்துவிடும். எழுத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு உறுதியானது: பொருத்தமான எழுத்துரு கிடைத்தால் சொற்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து கர்வ் ஆக, அதாவது வெட்டக்கூடிய பாதையாக, மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் வளைகோடு வரையும் பெசியர் கருவியால் கையால் வரையுங்கள். புள்ளிக்கு எலிப்ஸ் கருவியில் ஒரு வட்டம் போட்டாலே போதும். கையால் வரைய நேரம் பிடிக்கும்தான். ஆனால் தானியங்கி ட்ரேஸைச் சுத்தம் செய்யப் பிடிக்கும் நேரத்தையும், வீணாகும் வினைலையும் சேர்த்துப் பார்த்தால் அது இழப்பு அல்ல.

சிக்குக் கோலம் வேறு கதை. ஒற்றைக் கோட்டை வழக்கமான முறையில் ட்ரேஸ் செய்தால் கோட்டின் இரு விளிம்புகளும் தனித்தனிப் பாதைகளாகிவிடும். பேனா பொருத்திய பிளாட்டர் அதை இரட்டைக் கோடாகவே வரையும். இங்க்ஸ்கேப் 1.0 பதிப்பில், 2020-இல் சேர்ந்த, கோட்டின் மையத்தில் ஒரே பாதையைத் தரும் நடுக்கோட்டு ட்ரேஸ் இதற்கு ஏற்றது. பவர்ட்ரேஸிலும் இவ்வசதி உண்டு. கோடுகள் குறுக்கிடும் இடங்களில் வளைவு ஒடியும் என்பதால், சந்திப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும். அதே கோலத்தை வினைலில் ஒட்டுவதென்றால் நடுக்கோடு உதவாது; கத்தி வெறும் கீறலைத்தான் போடும், உரித்தெடுக்க எதுவும் இருக்காது.

எந்த வழியானாலும், மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். பிளாட்டருக்கு அனுப்பும் பிஎல்டி கோப்பாகச் சேமிக்கும்போது வளைவுகள் சிறுசிறு நேர்கோடுகளாக உடைக்கப்படுகின்றன. எனவே வெட்ட வேண்டிய உண்மையான அளவுக்குப் படத்தை முதலில் கொண்டுவந்து, அதன் பிறகே ஏற்றுமதி செய்ய வேண்டும். சிறிதாகச் சேமித்துவிட்டுப் பிளாட்டர் மென்பொருளில் பெரிதாக்கினால் வட்டங்கள் பலகோணங்களாகத் தெரியும்.