கரிந்த விதையா, நுண்துகளா?

கொங்கு நாட்டுத் தொல்லியல் மேடுகளில் பண்டைய மக்களின் உணவைத் தேடுவோருக்குச் சான்றுகள் இருவகை: கரிந்த விதைகளும், ஃபைட்டோலித் எனப்படும் சிலிக்கா நுண்துகள்களும்.

அடுப்பருகே சிந்தித் தீயில் கருகிய தானியம் மட்கிப் போகாது. தோண்டிய மண்ணை நீரில் கரைத்தால் கரி மிதந்து வரும், அதை மெல்லிய சல்லடையில் வடித்து நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் இது கொள்ளா, பாசிப்பயறா, சாமையா என்று பிரிக்கலாம். ஒரே ஒரு மணியைக்கூட நேரடியாகக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்ப முடியும் என்பதே இதன் பெரும்பலம். பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்கல்லறையின் நான்கு கால் சாடியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490ஐ ஒட்டிய காலம் கிடைத்தது இந்த நேரடிக் காலக்கணிப்பில்தான். அந்நெல் கரிந்ததன்று, ஈமப்படையல் என்பது வேறு செய்தி. ஆனால் தீயைச் சந்திக்காத கீரையும் கிழங்கும் கரிந்த விதைத் தேடலில் பெரும்பாலும் தப்பிவிடும்.

நுண்துகளுக்கோ தீ தேவையில்லை. செடி உறிஞ்சிய சிலிக்கா உயிரணுவின் வடிவிலேயே இறுகி மண்ணில் தங்குவதால், வைக்கோல், உமி, சாணம் குவிந்த களத்தையும் கட்டுத்தறியையும் அது காட்டிக் கொடுக்கும். நெல்லுக்குரிய வடிவங்கள் தெளிவானவை. பயறு வகைகள் அடையாளம் காணத்தக்க துகள்களை மிகக் குறைவாகவே விடுகின்றன.

கொள்ளு இன்றும் ரசமாகவும் பருப்பாகவும் இலைக்கு வரும் இந்த மண்ணில், கையிருப்புப் பணம் ஓர் ஆய்வு முறைக்கே போதுமென்றால், நான் சல்லடையைத்தான் முதலில் எடுப்பேன்.