பால்சா கிட் வாங்குகிறீர்களா? பசையைத் திறக்கும் முன் எடை போடுங்கள்

ஆன்லைனில் 'லேசர் கட், பிரீமியம் பால்சா, ஜப்பான் டிஷ்யூ, டோப் உட்பட எல்லாம் உள்ளே' என்று விற்கும் பைப்பர் கப் கிட் ஒன்றை, அதாவது அந்தப் பெயருள்ள சிறு விமானத்தின் மாதிரியை நாமே கட்டுவதற்கான பெட்டியை, வாங்கி மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் இழந்திருக்கிறேன். பால்சா என்ற லேசான மரத்தில் சட்டம் கட்டி, அதன் மேல் டிஷ்யூ என்ற மெல்லிய தாளை ஒட்டி, டோப் என்ற பூச்சை அடிப்பதுதான் இதன் முறை. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டும் பெரிய பலன் இருக்காது. அதே படத்தோடு அதே பெட்டி வேறு வேறு பெயரில் இன்னும் சில பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே பெட்டிக்குள் என்ன தில்லுமுல்லு நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரிச் சரக்கு ஏன் விற்கிறது என்பது புரிகிறது. 1926இல் தொடங்கிய கில்லோஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் கிட் இங்கே வந்து சேர்வதற்குள் அனுப்பும் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடுகிறது. உள்ளூரில் ஒருவர் வெட்டித் தருகிறார் என்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

முதலில் மரம். முறுக்கிய ரப்பரின் விசையில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 160 கிலோ எடையுள்ள பால்சா வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 1.5 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள தகடு நாலரையிலிருந்து ஏழு கிராம் வரை இருக்க வேண்டும். நகைக்கு வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். எனக்கு வந்த தகடுகள் 13 கிராம் நின்றன. நகத்தை அழுத்தினால் தடம்கூடச் சரியாகப் பதியவில்லை. பால்சாவில் கனமான ரகமும் உண்டு, அதுவாகவும் இருக்கலாம். பாலோனியா மரமும் இப்படி வெளுப்பாக, இந்த எடையில்தான் இருக்கும். எதுவானாலும் 60 செ.மீ. இறக்கை கொண்ட பைப்பர் கப் ஒன்றை இந்த மரத்தில் கட்டினால் அது பறக்காது, அலமாரியில்தான் நிற்கும்.

எடையைக்கூட விட்டுவிடலாம். ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை, வெட்டிய விதம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ரிப்பின் நீளவாக்கில் மரத்தின் நார் ஓட வேண்டும், அப்போதுதான் அது வளையும் சுமையைத் தாங்கும். இவர்கள் ஒரு தகட்டில் நாலு ரிப் அதிகமாக அடைப்பதற்காகப் பாதியைக் குறுக்கு நாரில் வெட்டியிருக்கிறார்கள். தகட்டிலிருந்து கழற்றும்போதே ஸ்பாருக்கான (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் குச்சி) பள்ளத்தில் பட்டென்று ஒடிகிறது. புதிதாகக் கட்டும் ஒரு பள்ளிக்கூடப் பையன் இதைப் பார்த்தால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிடுவான். விற்பவர்களுக்கு அது வசதி. லேசரை வேறு அதிக பவரில் ஓட்டியிருக்கிறார்கள், ஓரமெல்லாம் கரி. கரிந்த ஓரத்தில் பசை ஊறாது, ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட வேண்டும்.

அப்புறம் பிளான், அதாவது மேலே துண்டுகளை வைத்துக் கட்டும் முழு அளவு வரைபடம். பிரிண்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குள் அடக்கு' என்று கொடுத்திருக்கிறார்கள் போல. 10 செ.மீ. என்று அச்சிட்ட அளவுகோலை ஸ்கேல் வைத்து அளந்தால் 9.7 செ.மீ. வருகிறது. ரிப்போ முழு அளவில் 10 செ.மீ. இருக்கிறது. பிளான் மேல் லீடிங் எட்ஜையும் (இறக்கையின் முன்விளிம்பு) டிரெய்லிங் எட்ஜையும் (பின்விளிம்பு) குண்டூசி குத்தி நிறுத்திவிட்டு நடுவில் ரிப்பை வைத்தால் 3 மி.மீ. வெளியே துருத்துகிறது. ரிப்பின் வாலை வெட்டிச் சமாளித்தால் இறக்கையின் வடிவமே மாறிவிடும்.

டிஷ்யூ சாதாரணப் பரிசுப்பொருள் சுற்றும் காகிதம். ஜப்பானின் எசாக்கி டிஷ்யூவைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும், ஒட்டிய பின் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் காய்ந்து மத்தளம் மாதிரி இறுகிவிடும். அதன் உற்பத்தி நின்று போய் வருஷங்கள் ஆகின்றன. ஆகவே 'ஜப்பான் டிஷ்யூ' என்று எழுதியிருந்தாலே எந்த டிஷ்யூ என்று கேளுங்கள். கிட்டில் வந்த தாளை ஒரு சின்னச் சட்டத்தில் ஒட்டித் தெளித்துப் பார்த்தேன். சிவப்புச் சாயம் விரலில் வந்தது, தாள் தொய்ந்தபடியே காய்ந்தது.

டோப் என்று வந்த பாட்டிலில் லேபிள் இல்லை. தீப்பற்றும் திரவத்தை இப்படி அனுப்பவே கூடாது. வாசனையும் காயும் வேகமும் கதவுக்கு அடிக்கும் என்.சி. லாக்கர் என்கின்றன. டோப்பைப் போல அதுவும் நைட்ரோசெல்லுலோஸ்தான், தின்னரைத் தாராளமாகச் சேர்த்து இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்படியே பூசினால் நாள் போகப் போகச் சுருங்கி இறக்கையை முறுக்கிவிடும். விசிறியைச் சுழற்ற வந்த ரப்பரை இழுத்ததும் வெடிப்பு தெரிந்தது, அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

விற்றவரிடம் தராசுப் படத்தோடு வாட்ஸப்பில் கேட்டேன்.

"சார், இது ஸ்கில் ஹாபி. புதுசா பண்றவங்களுக்கு அப்படித்தான் தோணும்."

தராசுக்கு என்ன ஸ்கில் வேண்டும் என்று கேட்டதற்கு, "நல்ல பால்சாவையெல்லாம் காத்தாலைக்காரங்க வாங்கிட்டாங்க சார், எங்கேயும் கிடைக்கல" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகப் பால்சா போகிறது, 2020 வாக்கில் எக்வடோரில் விலை தாறுமாறாக ஏறியதும் நிஜம். சரி, கிடைக்கவில்லை என்றால் 'பிரீமியம்' என்று ஏன் எழுத வேண்டும்? அதற்குப் பதில் இல்லை. அடுத்து வந்தது: "கவர் பிரிச்சிட்டா ரிட்டர்ன் கிடையாது சார்." நான் ரிவியூ போட்ட பிறகு, "பாதிப் பணம் போட்டுடறேன், அதை எடுத்துடுங்க" என்றார். எடுக்கவில்லை.

பிரித்துவிட்டால் திருப்பித் தர முடியாது என்பது அவர் வைத்த சட்டம். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன்.

இதே பெட்டி உங்கள் வீட்டில் பிரிக்காமல் இருந்தால், பிரிப்பதையே வீடியோ எடுங்கள். தகடுகளைத் தராசில் வைத்து ஒரு படம், பிளானின் அளவுகோல் மேல் ஸ்கேலை வைத்து ஒரு படம், இரண்டும் கட்டாயம். எந்த ரிப்பையும் கழற்றாதீர்கள், எதையும் ஒட்டாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் பசை பட்டிருந்தாலும் "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.