எண் கோட்பாட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது? 13-ஐ வைத்து ஒரு சோதனை

முழு எண்களின் இயல்புகளை ஆராயும் எண் கோட்பாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "நல்ல பாடநூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வா" என்பார் ஒருவர். "ஒலிம்பியாட் போட்டிக் கணக்குகளைப் போடு, தேற்றமெல்லாம் தானாக வரும்" என்பார் இன்னொருவர். "பைத்தானில் புரோகிராம் எழுதத் தெரியுமில்லையா, நீயே தேடிப் பார்" என்று மூன்றாமவர். கல்லூரிப் பக்கமிருந்து நான்காவது குரலும் வரும்: "குலமும் வளையமும் தெரியாமல் எண் கோட்பாடா? முதலில் இயற்கணிதத்தை முடி." (குலம், வளையம் என்பவை கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் விதிகளைப் பொதுமைப்படுத்தும் அமைப்புகள்.)

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் நான்குமே சரியாகத்தான் தோன்றும். அதனால் ஒரே கேள்வியை நான்கு பேரிடமும் கொடுத்துப் பார்ப்போம். எந்தெந்தப் பகா எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்? 13 = 4 + 9, எழுத முடிகிறது. 7-க்கு எவ்வளவு முட்டி மோதினாலும் வராது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் சக அறிஞர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் விடையைச் சொல்லிவிட்டார், நிரூபணத்தைத்தான் எழுதவில்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஆய்லர் அதை நிரூபித்தார்.

முதலில் கணினிக்காரர். பத்து வரி புரோகிராம் போதும், விடை கண்முன் வந்து நிற்கும். 5, 13, 17, 29, 37, 41 எல்லாம் எழுத வருகின்றன. 3, 7, 11, 19, 23 வருவதில்லை. 4-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் முதல் கூட்டம் 1, இரண்டாம் கூட்டம் 3. (2 மட்டும் தனி ஆள்: 1 + 1.) இதைத் தானே கண்டுபிடித்த மாணவருக்குக் கிடைக்கும் கிளர்ச்சியை எந்தப் பாடநூலும் தர முடியாது.

ஆனால் அட்டவணை ஏமாற்றும். 100-க்குள் 25 பகா எண்கள். 2-ஐ விட்டுவிட்டால் மீதி 1 தருபவை 11, மீதி 3 தருபவை 13. சரி, 1000 வரை, 10000 வரை எண்ணிப் பாருங்கள். எந்த இடத்திலும் மீதி 1 கூட்டம் முந்தாது; மிஞ்சிப் போனால் சமமாகும். "3 கூட்டம்தான் எப்போதும் முன்னால்" என்று நோட்டில் எழுதிவிடத் தோன்றும். 26861-ஐத் தொடும்போது மற்றக் கூட்டம் முதல் தடவையாக ஒரு அடி முந்துகிறது. இரண்டு கூட்டமும் எண்ணற்ற தடவை மாறி மாறி முந்தும் என்று 1914-இல் லிட்டில்வுட் நிரூபித்தார். கணினி காட்டியது பொய்யில்லை, போதவில்லை, அவ்வளவுதான். கணினி வழியில் வருகிற பலரிடம் நான் கவனித்த சிக்கல் இதுதான்: பத்து லட்சம் வரை சரிபார்த்துவிட்டால் நிரூபிக்க வேண்டும் என்ற அரிப்பே போய்விடுகிறது.

ஒலிம்பியாட்காரர் கேள்வியைப் பார்த்ததும் பாதியை உடனே முடித்துவிடுவார். ஒரு வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, வேறெதுவும் வராது. இரண்டைக் கூட்டினால் 0, 1, 2. மீதி 3 வர வழியே இல்லை. முடிந்தது! இந்த ஒற்றை வரிச் சாமர்த்தியம்தான் அந்த வழியின் பலம். மீதிகளோடு விரல் நுனியில் பழக்கம் வந்துவிடும்; எதை எதால் வகுத்துப் பார்க்கலாம் என்று மூக்கே சொல்லும்.

மறுபாதிதான் தகராறு. மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் ஏன் எழுத முடிகிறது? இதற்கு ஒற்றைத் தந்திரம் போதாது. இரண்டு மூன்று கருத்துகளை வரிசையாகக் கோக்க வேண்டும். தனித்தனிக் கணக்காகப் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். கையில் ஆணிகள் நிறைய இருக்கும், வீட்டின் வரைபடம் இருக்காது. இன்னொன்று: கணக்கு என்றாலே தீர்வு உள்ள கணக்கு, அதுவும் சில மணி நேரத்தில் முடியக்கூடியது என்ற நினைப்பு படிந்துவிடும். இந்தத் துறையில் சின்னப் பிள்ளைக்குப் புரிகிற கேள்விகளே பல நூற்றாண்டாகத் திறந்து கிடக்கின்றன.

அந்த மறுபாதியில்தான் பாடநூல் தன் மதிப்பைக் காட்டுகிறது. 13-ஐயே எடுத்துக்கொள்வோம். வில்சன் தேற்றப்படி 1-இலிருந்து 12 வரை பெருக்கினால், 13-ஆல் வகுத்த மீதி 12, அதாவது −1. அந்தப் பெருக்கலில் 7 என்பது −6-க்குச் சமம் (இரண்டுக்கும் வித்தியாசம் 13 என்பதால் மீதி ஒன்றே), 8 என்பது −5-க்கு, இப்படியே 12 என்பது −1-க்கு. ஆறு கழித்தல் குறிகள். இரட்டைப்படை என்பதால் அடிபட்டுவிடும். ஆகவே 6!-இன் வர்க்கமும் −1. சரிபாருங்கள்: 6! = 720, மீதி 5. 5 × 5 + 1 = 26, 13-ஆல் வகுபடுகிறது! மீதி 3 தரும் பகா எண்ணாக இருந்தால் கழித்தல் குறிகள் ஒற்றைப்படையாகி இந்த வித்தை பலிக்காது. 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம் புறாக்கூண்டுத் தத்துவம்: கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஒரு கூண்டில் இரண்டாவது இருக்கும். x, y இரண்டும் 0 முதல் 3 வரை: 16 ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் x − 5y-ஐ (5 என்பது மேலே கிடைத்த மீதி) 13-ஆல் வகுத்தால் 13 மீதிகள்தான் சாத்தியம். இரண்டு ஜோடிகளாவது ஒரே மீதியில் முட்டிக்கொள்ள வேண்டும். முட்டிய ஜோடிகளைக் கழித்துப் பார்த்தால், குறியை விட்டுவிட்டால், 3-உம் 2-உம் கிடைக்கின்றன. மீதிக் கணக்கில் ஒன்று மற்றதன் 5 மடங்கு, 5-இன் வர்க்கமோ −1; அதனால் வர்க்கங்களின் கூட்டல் 13-ஆல் வகுபட்டாக வேண்டும்: 9 + 4 = 13. மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணுக்கும் இதே நடைதான்.

இதைத் தானாக யோசித்துக் கண்டுபிடிக்கிறவர் அபூர்வம். யாராவது வரிசையாகக் கோத்துத் தர வேண்டும், நல்ல பாடநூல் அதைச் செய்கிறது. குறை எங்கே என்றால், பாடநூல் இதை 13 இல்லாமல் வெறும் p-யாக எழுதும். நானும் ஒரு காலத்தில் நிரூபணங்களை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 3-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதிகள் என்ன வரிசையில் வரும் என்று ஒருவர் கேட்டபோது விழித்தேன். அடுத்தடுத்துப் பெருக்கியிருந்தால் வந்திருக்கும்: 3, 2, 6, 4, 5, 1. பேனாதான் ஓடியிருந்தது, கணக்கு ஓடவில்லை.

இயற்கணிதக்காரரைக் குறை சொல்வது கஷ்டம். அவருடைய நிரூபணம்தான் நான்கிலும் அழகு. கலப்பெண்ணில் (அங்கே i × i = −1) 13 = (3 + 2i)(3 − 2i) என்று பகா எண்ணே உடைந்துபோகிறது; கேள்வி "எந்தப் பகா எண் உடையும்?" என்று மாறிவிடுகிறது. ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு வருடப் படிப்பாவது வேண்டும். அதற்குள் முதலில் இருந்த ஆசை ஆறிப்போகலாம். இதைவிட மோசமான அறிவுரை, ஆகச் சுருக்கமான நிரூபணத்தைத் தேடிப் படிக்கச் சொல்வது. 1990-இல் டான் ஸாகியர் இதே தேற்றத்தை ஒரே வாக்கியத்தில் நிரூபித்தார். ஒவ்வொரு அடியையும் சரிபார்க்கலாம், ஆனால் அந்த யோசனை எங்கிருந்து முளைத்தது என்று புதியவருக்குக் கடைசி வரை பிடிபடாது.

என்னைக் கேட்டால் பாடநூலுக்குத்தான் ஓட்டு, ஒரு நிபந்தனையோடு: அதைத் திறப்பதற்கு முன் 100 வரை அட்டவணையைக் கையால் போட வேண்டும், ஒவ்வொரு தேற்றத்தையும் 13-க்கோ 17-க்கோ நடத்திப் பார்த்த பிறகே பக்கத்தைப் புரட்ட வேண்டும். போட்டிக்குத் தயாராகிறவர் என்றால் கணக்கிலிருந்து தொடங்கட்டும், மறுபாதியில் முட்டும்போது நூலுக்கு வரட்டும். புரோகிராம் நன்றாக எழுதுகிறவருக்கும் தடையில்லை, ஆனால் முதல் நூறு எண்களில் கணினியைத் தொடாமல் இருப்பது நல்லது.

இயற்கணிதத்துக்கு எப்போது போவது? 65-ஐ எழுதிப் பாருங்கள். 1 + 64 என்றும் வரும், 16 + 49 என்றும் வரும். பகா எண்ணுக்கு ஒரே வழி, இதற்கு மட்டும் ஏன் இரண்டு? 5 = (2 + i)(2 − i) என்று உடைத்து, 13-இன் துண்டுகளோடு மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். (2 + i)(3 + 2i) = 4 + 7i. (2 + i)(3 − 2i) = 8 − i. வளையம் என்ற சொல் எதற்காக வந்தது என்று கேட்கத் தோன்றினால், அந்த நூலை அப்போது எடுத்தால் போதும்.