மேக்கிலும் விண்டோஸிலும் லினக்ஸ் கன்டெய்னர்: எதை நிறுவலாம்?

ஒரு செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டித் தனியே ஓட்டும் பொதிகள்தான் கன்டெய்னர்கள். அவை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் நேம்ஸ்பேஸ் (செயலிகளைப் பிரித்து வைப்பது), சிகுரூப் (வளங்களுக்கு வரம்பிடுவது) வசதிகளை நம்பியே இயங்குகின்றன. மேக்கிலும் விண்டோஸிலும் அந்தக் கர்னல் கிடையாது. ஆகவே எந்தக் கருவியை நிறுவினாலும், அது பின்னணியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டியே தீர வேண்டும். அந்த மெய்நிகர் கணினிக்குள் உங்கள் கோப்புகள் எந்த வேகத்தில் போய்வருகின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தினமும் பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

விண்டோஸில் அடித்தளம் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை: 2020 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்புடன் வந்த, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2. கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் டாக்கரின் செயலியான டாக்கர் டெஸ்க்டாப்பும் வழக்கமாக அதன் மேல்தான் இயங்குகிறது. கட்டளை வரி பழகியவருக்கு டெஸ்க்டாப் செயலியே தேவையில்லை. டபிள்யூஎஸ்எல்லில் ஓடும் உபுண்டு லினக்ஸுக்குள், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் எஞ்சினை நேரடியாக நிறுவினாலே போதும். 2022-இல், லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கான ஆதரவும் வந்துவிட்டதால், அதை வழக்கமான லினக்ஸ் சேவையாகவே இயக்கலாம்.

ஆனால் நிரல் கோப்புகளை சி டிரைவில் வைத்துக்கொண்டு கன்டெய்னரைக் குறை சொல்லக் கூடாது. அங்குள்ள ஒவ்வொரு கோப்பையும் லினக்ஸ் பக்கம் 9பி என்ற நெறிமுறை வழியாகத்தான் எட்டுகிறது. நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டங்களைப் போல ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் எல்லாம் ஊர்ந்து போகும். கோப்பு மாறிய செய்தியும் லினக்ஸுக்கு வந்து சேராததால், திருத்தியதும் செயலி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. திட்டத்தை உபுண்டுவின் ஹோம் கோப்புறைக்கு மாற்றினால் இரண்டு தொல்லையும் தீரும். நினைவகத்துக்கும் உச்சவரம்பு வையுங்கள். இயல்பாக டபிள்யூஎஸ்எல் கணினியின் பாதி நினைவகம் வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி மடிக்கணினியில் அது பெரிய பங்கு.

மேக்கில்தான் போட்டி பலமாக இருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப் ஒரே நிறுவலில் எல்லாவற்றையும் தருகிறது, பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் உட்பட. ஆனால் 2021-இல் அறிவித்த விதிப்படி, 250 பேருக்கு மேல் பணிபுரியும் அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். சிறு குழுவுக்கு அது தடையில்லை.

கட்டணமில்லாத வழிகளில் என் தேர்வு கோலிமா. லினக்ஸ் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லிமாவின் மேல் அமைந்த திறமூலக் கருவி. வழக்கமான டாக்கர் கட்டளைகள் அப்படியே ஓடும். அதன் இயல்பான 2 ஜிபி நினைவகம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் போன்றவற்றுக்குப் போதாது என்பதால், தொடங்கும்போதே கூட்டிக் கொடுங்கள். கோப்புப் பகிர்வுக்கு விர்ட்டியோஎஃப்எஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். போட்மேன் என்ற இன்னொரு கருவி, நிரந்தரப் பின்னணிச் சேவையோ ரூட் (நிர்வாகி) உரிமையோ இல்லாமல் கன்டெய்னரை ஓட்டுகிறது. பாதுகாப்பில் அக்கறையுள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. டாக்கருடன் பேசும் இணைப்பான டாக்கர் சாக்கெட்டை எதிர்பார்க்கும் கருவிகள் மட்டும் அங்கே இடறக்கூடும். ஆர்ப்ஸ்டாக் என்ற செயலி வேகமானது, பேட்டரியையும் அதிகம் தின்பதில்லை. ஆனால் மூடிய மூலம். வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு.

2025 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தக் கன்டெய்னர் கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி மெய்நிகர் கணினி என்ற அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் வெளியீட்டில் பல கன்டெய்னர்களை ஒன்றாகத் தொடங்கும் காம்போஸ் வசதி இல்லை, இன்டெல் மேக்கிலும் ஓடாது. அன்றாட வேலையை இப்போதே அதற்கு மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த ஏஆர்எம் வகைச் சிப்) மேக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்டெல் வகைச் சிப்புக்கான எக்ஸ்86 இமேஜ்களை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சுகள்) க்யூஎமு என்ற போலச்செய் மென்பொருள் வழியாக ஓட்டினால் மிகவும் மெதுவாகும்; ஆப்பிளின் ரொசெட்டா மொழிபெயர்ப்பு வசதியை இயக்கினால் வேகம் கூடும். ஏஆர்எம் இமேஜ் கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.