பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தனியார் மனநல உதவி: கோலாலம்பூரில் எந்தக் கதவைத் தட்டுவது?

"ஒரு செஷனுக்கு எவ்வளவு?" கிளினிக்கை அழைக்கும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் பணமும் வீணாகும், பிள்ளையின் நம்பிக்கையும் கெடும். குறைந்த கட்டணம் என்று கவுன்சலரிடம் ஆறு மாதம் அனுப்பிய பிறகு, ஆரம்பத்திலேயே மருந்து தேவைப்பட்டிருக்கிறது என்று தெரியவருவதுண்டு. பள்ளியில் நடக்கும் கேலியால் சுருண்டுபோன பிள்ளையை நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், கால் மணி நேரப் பேச்சோடும் ஒரு மாத்திரை அட்டையோடும் திரும்புவதும் உண்டு. இரண்டிலும் பார்த்தவர் திறமையானவராகவே இருந்திருக்கலாம். தட்டிய கதவுதான் தவறு.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. பிள்ளை சாவைப் பற்றிப் பேசுகிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது, மாத்திரை விழுங்கிவிட்டது என்றால் தனியாரில் அப்பாயின்ட்மென்ட் தேட நேரமில்லை. கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ பி.பி.யு.எம். எனப்படும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ, அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள். மனநோயாளிகளுக்கான வார்டு இல்லாத தனியார் மருத்துவமனைகள் பல. அங்கே முன்பணம் கட்டிக் காத்திருந்த பிறகு அரசாங்க மருத்துவமனைக்கே அனுப்பிவைப்பார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, அரசாங்கத்தின் ஹீல் எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது; போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை. அன்றைக்கே வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் பூட்டி வையுங்கள். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும் அதில் சேரும்.

மூன்று பேர், மூன்று சட்டம்

அந்த அளவு ஆபத்து இல்லையென்றால் தனியாரில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். கவுன்சலர், 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி லெம்பாகா கவுன்சலர் என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது பதிவு எண், இரண்டாவது தொழில் நடத்தும் அனுமதி. இரண்டாவது காலாவதியாகும், அதையும் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் வருகிறார். சைக்யாட்ரிஸ்ட் என்ற மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவர்களுக்கான சட்டப்படி பதிவு பெற்று, அதற்கு மேல் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அவர் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். மூவரில் மருந்து எழுதும் அதிகாரம் இவருக்கு மட்டுமே.

லைஃப் கோச், மைண்ட் கோச், ஹிப்னோதெரபி, எனர்ஜி ஹீலிங் எதுவும் இந்த மூன்று சட்டங்களுக்குள் வராது. அவர்களில் நல்லவர்கள் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஏதேனும் கேடு நேர்ந்தால் நீங்கள் புகார் கொடுக்க ஒரு வாரியம்கூட இருக்காது. வருமான வரியிலும் கணக்கு வேறு: மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவுக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரை வரிக் கழிவு உண்டு, பிள்ளைக்குச் செய்த செலவும் சேரும். ஆனால் பார்த்தவர் மேற்சொன்ன மூவரில் ஒருவராக, சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

கவுன்சலரா, உளவியலாளரா?

பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான். இருவரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து 50 நிமிடம் பேசுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒருவர் 120 முதல் 250 வெள்ளி வாங்குகிறார், மற்றவர் 250 முதல் 450 வரை. பிறகு எதற்கு அதிகம் கொடுப்பது?

காரணம் தெரிந்த சோர்வுக்குக் கவுன்சலர் போதும். அப்பா அம்மா பிரிவு, காதல் முறிவு, தாத்தாவின் மறைவு, படிவம் 4-இல் அறிவியல் பாடங்களை எடுத்துத் திணறுவது, வீட்டில் ஓயாத சண்டை என்று எப்போது, எதனால் தொடங்கியது என்பதைப் பிள்ளையே சொல்ல முடிகிறது. சாப்பாடு, தூக்கம், பள்ளி மூன்றும் தள்ளாடினாலும் நின்றுவிடவில்லை. இப்படியான நிலையில் நல்ல கவுன்சலரிடம் ஆறிலிருந்து எட்டு சந்திப்புகளுக்குள் மாற்றம் தெரியத் தொடங்கும். குடும்பத்தையும் கூட்டி உட்கார வைத்துப் பேசுவதில் அனுபவமுள்ள கவுன்சலர் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

காரணமே தெரியாமல் நீளும் பிரச்சினைக்கு உளவியலாளர். கை கழுவிக்கொண்டே இருப்பது, பள்ளி வாசலில் மூச்சடைப்பது, எடை குறைந்துகொண்டே போவது, பழைய அதிர்ச்சி ஒன்று திரும்பத் திரும்பக் கனவில் வருவது இவற்றுக்கெல்லாம் வரிசைப்படி செய்யும் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அதிகம் பயன்படுவது, எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் சி.பி.டி.; வாரம் ஒன்றாக ஏறக்குறைய 12 முதல் 16 சந்திப்பு, நடுவே வீட்டுப்பாடமும் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் பலன் பாதிதான். எடை குறையும் பிள்ளைக்குப் பேச்சு மட்டும் போதாது, மருத்துவரும் உடன் பார்க்க வேண்டும்.

மதிப்பீடும் உளவியலாளரின் வேலைதான். சின்ன வயதிலிருந்தே "சோம்பேறி", "கவனமே இல்லை" என்று திட்டு வாங்கிய பிள்ளைக்கு 15 வயதில் மனச்சோர்வு வந்திருந்தால், அடியில் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறோ, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். முழு மதிப்பீடு 1,000 வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும், இரண்டு மூன்று அமர்வாக நடக்கும், அறிக்கை கைக்கு வரச் சில வாரமாகும். எஸ்.பி.எம். தேர்வில் சிறப்புச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் தேர்வு ஆண்டின் நடுவில் இதைத் தொடங்கினால் காலம் போதாது. படிவம் 4-லேயே தொடங்குங்கள்.

எங்கள் கணிப்பு இது: சந்தேகமாக இருந்தால் முதல் ஒரு சந்திப்பை உளவியலாளரிடம் வையுங்கள். கவுன்சலர் போதும் என்று அவரே சொல்லிவிட்டால் மீதிப் பணம் மிச்சம். வேறு வழியில் போனால், அதாவது கவுன்சலரிடம் தொடங்கி முன்னேற்றம் இல்லாமல் உளவியலாளரிடம் மாறினால், பிள்ளை இரண்டாவது முறையாக எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை அதற்கு ஒப்புக்கொள்வது கடினம்.

மருந்து என்ற பயம்

மனநல மருத்துவரிடம் போவதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோவிலில் கயிறு கட்டியாச்சு, சாமியாரைப் பார்த்தாச்சு, அத்தை சொன்ன ஆயுர்வேதமும் பார்த்தாச்சு, அதற்குப் பிறகுதான் மருத்துவர். வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஆனால் சில அறிகுறிகளுக்குத் தாமதம் ஆகாது: யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம், நாட்கணக்கில் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகம், இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கையை விட்டு எழாமை. இவை உள்ள பிள்ளைக்குக் கவுன்சலர் பரிந்துரைக்கும் முதல் ஆளே மனநல மருத்துவர்தான். நடுவில் வேறு நிறுத்தம் வேண்டாம்.

முதல் சந்திப்பு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், 250 முதல் 500 வெள்ளி. அடுத்தடுத்தவை 15, 20 நிமிடம்தான். "பேசவே இல்லை, மருந்து மட்டும் கொடுத்தார்" என்ற குறை இதனால்தான் எழுகிறது. பேச்சுச் சிகிச்சைக்கு வேறொருவர் தேவை என்பதைத் தொடக்கத்திலேயே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் தைராய்டு, இரத்தச்சோகைப் பரிசோதனையும் எடுப்பார், ஏனென்றால் இரண்டுமே மனச்சோர்வுபோல் தோற்றம் காட்டும்.

பதின்ம வயது மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் முதலில் தருவது ஃப்ளூவாக்ஸிட்டின். முதல் இரண்டு வாரம் பலன் தெரியாது, பக்கவிளைவு மட்டும் தெரியும்: வயிற்றைப் புரட்டும், தூக்கம் கெடும், சில பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடும். தற்கொலை எண்ணம் சிலருக்கு இந்தக் காலத்தில் தலைதூக்கலாம் என்பதால் முதல் மாதம் நெருங்கிக் கவனிக்க வேண்டும். முழுப் பலன் ஆறு வாரம் வரை எடுக்கும். பெற்றோர் சறுக்குவது இரண்டு இடத்தில்: பத்தாவது நாளில் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவது, மூன்றாவது மாதத்தில் "நல்லாயிடுச்சு" என்று நிறுத்துவது. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும். தைப்பூசத்துக்கு 48 நாள் ஒருவேளை விரதம் இருக்க நினைக்கும் பிள்ளையானால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து நேரத்தை மாற்றித் தருவார், அல்லது இந்த ஆண்டு வேண்டாம் என்பார்.

தனியார் மருத்துவமனையில் மருந்து விலை கூடும். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி வெளி ஃபார்மசியில் விலை ஒப்பிடலாம், கேட்பது உங்கள் உரிமை.

பள்ளிக்கு எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றிதழைத் தருவதும் மருத்துவர் மட்டுமே. கவுன்சலரின் கடிதம் நிலைமையை விளக்க உதவும், ஆனால் அது எம்.சி. ஆகாது. பிள்ளை அடிக்கடி விடுப்பு எடுத்துப் பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரத் தொடங்கியிருந்தால், இதற்காகவாவது ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

செஷனைக் கணக்கிடாதீர்கள், பருவத்தைக் கணக்கிடுங்கள்

கவுன்சலரிடம் எட்டு சந்திப்பு, தலா 180 வெள்ளி என்றால் 1,440. உளவியலாளரிடம் பன்னிரண்டு, தலா 350 என்றால் 4,200. மனநல மருத்துவரிடம் முதலில் 400, பிறகு ஆறு மாதத்தில் ஐந்து முறை 220 என்றால் 1,500, மருந்து தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மூன்றாவது செஷனில் பணம் தீர்ந்து பாதியில் நிற்கும் நிலை வராது. பாதியில் நிற்பதைவிட, குறைந்த கட்டணத்தில் முழுதாக முடிப்பது மேல்.

மெடிக்கல் கார்டை நம்பி இறங்காதீர்கள். பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் மனநோய் சிகிச்சை இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

பணம் இடித்தால் நடுவழி உண்டு. ஹெல்ப் பல்கலைக்கழகம், யு.கே.எம். போன்று மருத்துவ உளவியலில் முதுகலை நடத்தும் இடங்களில் பயிற்சியாளர்கள் மேற்பார்வையின்கீழ் பார்க்கிறார்கள். கட்டணம் வெளியில் வாங்குவதைவிட நன்றாகக் குறைவு. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய மனநலச் சங்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு சிக்கல்: பயிற்சிப் பருவம் முடிந்தால் பயிற்சியாளர் மாறிவிடுவார். எத்தனை மாதம் இருப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். இன்னொரு வழி, நோயைக் கண்டறிவதை மட்டும் தனியாரில் முடித்துவிட்டு, பரிந்துரைக் கடிதத்தோடு தொடர் மருந்தை அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றுவது. அங்கே நிபுணரிடம் மறுசந்திப்புக்குக் குடிமக்கள் கட்டுவது 5 வெள்ளி. புது நோயாளிக்கு முதல் தேதி கிடைக்கத்தான் நாளாகும். அதனால் தனியாரில் பார்க்கும்போதே அங்கேயும் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

தமிழ் பேசுபவர் வேண்டுமா?

பெற்றோர் கட்டாயம் என்பார்கள், பிள்ளை பெரும்பாலும் வேண்டாம் என்னும். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆலோசகரின் அக்கா நம் கோவில் கமிட்டியில் இருப்பார் என்ற பயம் பிள்ளைக்குப் பொய்யானது அல்ல. பிள்ளை எந்த மொழியில் கோபப்படுகிறதோ அந்த மொழியில் பேசுபவரைத் தேடுங்கள். ஆங்கிலமோ மலாயோ கலந்தால் பரவாயில்லை. பெற்றோர் சந்திப்புக்கு மட்டும் தமிழ் தெரிந்தவர் உதவியைக் கேட்கலாம். பாட்டி, மாமா மொழிபெயர்க்க வேண்டாம்.

ஆன்லைன் சந்திப்பு ஜாமில் மாட்டாமல் நேரம் மிச்சப்படுத்தும். ஆனால் அடுக்குமாடி வீட்டில், தங்கை அதே அறையில் இருக்க, பிள்ளை என்னதான் பேசும்? முதல் இரண்டு சந்திப்பை நேரிலேயே வையுங்கள். எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் அமைந்தால் பிறகு பிள்ளை தானாகவே போய்வரும். மாலை 4 முதல் 8, சனிக்கிழமை இரண்டும்தான் முதலில் நிரம்பும். காலைப் பள்ளி மாணவருக்கு வேலைநாளில் பிற்பகல் 2.30-ஐக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். டியூஷன் ஒன்றை விட வேண்டியிருக்கலாம்.

அழைக்கும்போது கேட்க வேண்டியவை

பதின்ம வயதினரை வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? எந்தச் சிகிச்சை முறை? ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? சந்திப்புக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொன்னால் முழுக் கட்டணம் பிடிக்கும் இடங்கள் உண்டு. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது? முன்னேற்றத்தை எப்போது சேர்ந்து பார்ப்போம்? கடைசிக் கேள்விக்கு "நான்காவது அல்லது ஆறாவது சந்திப்பில்" என்பதுபோல் ஒரு தெளிவான பதில் வந்தால் நல்ல அடையாளம். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறிடம் பாருங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பெற்றோர் பிரிந்திருந்தால் பாதுகாவலர் யார் என்ற நீதிமன்றக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். எது உங்களிடம் சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை முதல் நாளே பிள்ளையின் முன்னிலையில் பேசி முடிவு செய்யுங்கள். உயிர் ஆபத்தும் துன்புறுத்தலும் இரகசியத்துக்குள் வராது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாராக இருந்தாலும் புகார் செய்தாக வேண்டும். மற்றவை பிள்ளைக்கும் ஆலோசகருக்கும் இடையில். காரில் திரும்பும்போது "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், அடுத்த வாரம் அங்கே பிள்ளை பேசுவது குறைந்துவிடும். "பசிக்குதா, எங்கேயாவது சாப்பிட்டுப் போலாமா?" என்று கேளுங்கள்.