கிட் காருக்கு ஐவிஏ சோதனை: கறார் உண்டு, கள்ளம் இல்லை

பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை வைத்து வீட்டு கராஜில் ஒரு காரைக் கட்டி முடித்தாயிற்று. பிரிட்டனில் அதற்கு நம்பர் பிளேட் மாட்ட வேண்டுமென்றால் ஐவிஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் சோதனையைத் தாண்டியாக வேண்டும். 1998ல் தொடங்கிய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக 2009ல் இது வந்தது. நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற அரசு வாகனச் சோதனை அமைப்பு, வட அயர்லாந்தில் டிவிஏ. காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவையாக இதை எடைபோட்டால், கொடுக்கும் காசுக்குத் தகும் என்றே சொல்ல வேண்டும். என்ன பார்ப்பார்கள், எந்த அளவில் பார்ப்பார்கள் என்பதெல்லாம் சோதனைக் கையேட்டில் அச்சிட்டே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சோதிப்பவர் அந்த அளவை விட்டு இம்மி நகர மாட்டார். புதிதாக ஒரு விதியைத் தாமாகச் சேர்க்கவும் மாட்டார். தோற்கும் கார்களில் பெரும்பாலானவை இன்ஜினாலோ சேசிஸாலோ தோற்பதில்லை. ஒரு போல்ட் முனை, ஒரு கிளிப், ஒரு எச்சரிக்கை விளக்கு, இவைதான் காலை வாருகின்றன.

விண்ணப்பத்தில் வீட்டில் கட்டிய கார்களுக்குரிய அடிப்படை ஐவிஏ வகையைக் கேட்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் சொந்தக் கையால் கட்டியது என்ற உறுதிமொழியும், அதை மெய்ப்பிக்கும் படங்களும் ரசீதுகளும் தேவை. வெறும் சேசிஸ் தரையில் கிடக்கும் நாளிலிருந்தே படம் எடுத்துவர வேண்டும். முடிந்த காரைப் பத்துப் பக்கமிருந்து எடுத்தால் அது எதையும் நிரூபிக்காது. முன் ஆக்சில், பின் ஆக்சில், மொத்தம் என மூன்று உச்ச எடைகளையும் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். இங்கே குத்துமதிப்பாக ஒரு எண் போடுவது பெரிய தவறு. பிரேக் கணக்கும் டயரின் தாங்குதிறனும் இந்த எண்களை வைத்தே பார்க்கப்படுகின்றன. கிட் தயாரிப்பாளர் தரும் எடைகளையே எழுதுங்கள், வாகன அடையாள எண்ணைத் தாங்கும் வின் தகட்டிலும் அதே எண்கள் இருக்கட்டும்.

வெளிப்புறச் சோதனையின் கருவி 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு பந்து. அந்தப் பந்து தொடக்கூடிய எந்த விளிம்புக்கும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் வேண்டும். உடலிலிருந்து 5 மி.மீ.க்குள் துருத்தும் பாகத்துக்கு முனை மழுங்கியிருந்தால் போதும், 1.5 மி.மீ.க்குள் என்றால் அதுவும் பார்ப்பதில்லை. ஷோர் ஏ அளவில் 60க்கு மேல் கடினமில்லாத ரப்பருக்கு விலக்கு உண்டு. கூரையும் கதவும் இல்லாத, லோட்டஸ் செவன் பாணிக் கார்களில் இது ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்றால், முன் சஸ்பென்ஷன் முழுக்க வெளியே தெரிகிறது. விஷ்போன் என்னும் சஸ்பென்ஷன் கையின் போல்ட்டில் உள்ள நட்டு, அதைத் தாண்டி நீளும் மரை, ஹெட்லைட் பிராக்கெட்டின் வெட்டு விளிம்பு, சக்கரத்தை ஒட்டி வளையும் மட்கார்டான சைக்கிள் விங்கின் ஓரம், எக்ஸாஸ்ட் கிளாம்பின் வால் என ஒவ்வொன்றையும் பந்து போய்த் தொடும். அதே 100 மி.மீ. விட்டத்தில் ஓர் அட்டை உருண்டை செய்து, காரைச் சுற்றி உருட்டிப் பார்த்து, படும் இடமெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி விழுந்த இடத்தில் நீளமான போல்ட்டை வெட்டுங்கள், டோம் நட்டு போடுங்கள், தகட்டின் விளிம்பை அரமிட்டு உருட்டுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் இடத்துக்கு மட்டும் யூ வடிவ ரப்பர் பட்டை, பிளாஸ்டிக் மூடி.

சோதனை நாளைக் கடத்துவதற்காகவே மூடிகளை ஒட்டி, வீடு திரும்பியதும் பிய்த்துப்போடும் பழக்கம் கிட் கார்க்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. இது வருத்தத்துக்குரியது. சாலையில் நடப்பவரின் தொடை அந்த போல்ட்டில் மோதும்போது சான்றிதழ் அவரைக் காக்காது. உருட்டிய விளிம்பு என்றைக்கும் உருட்டியபடியே இருக்கும். முதலிலேயே அப்படிச் செய்துவிட்டால் பிய்க்க ஒன்றும் இருக்காது.

மட்கார்டைப் பற்றி ஒரு சொல். சக்கர மையத்திலிருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரை டயரின் முழு அகலத்தையும் அது மூடியிருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது பார்ப்பார்கள். அகல டயர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உள்ளே தலை மோதும் பகுதிக்கு 165 மி.மீ. உருண்டை. டாஷ்போர்டின் கீழ் விளிம்புக்கு 19 மி.மீ. ஆரம் கேட்கிறார்கள், அதனால் தட்டையான அலுமினியத் தகட்டை அப்படியே நிறுத்தினால் தேறாது. அடியில் குழாய் வைத்து, நுரை சுற்றி, மேலே துணி இழுத்தால் தீரும். நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் ஸ்விட்சுகள் பார்க்க அழகுதான், ஆனாலும் ராக்கர் ஸ்விட்சே நிம்மதி. ஸ்டியரிங்குக்கு, மோதலில் மடங்கும் தண்டும் மெத்தை வைத்த வீலும் வேண்டும். போர்டு சியரா காரின் ஸ்டியரிங் தண்டைப் பலர் தேடிப் போவது இதற்காகவே. அதிலேயே ஸ்டியரிங் லாக்கும் வந்துவிடுகிறது.

பிரேக்கில் அதிகம் தவறுவது பேலன்ஸ் பார். ஒரே பெடல் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களைத் தள்ளும் அமைப்பில், நடுவே மரையிட்ட ஒரு தண்டு இருக்கும். அதைத் திருகினால் பிடிமானம் முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முந்தி லாக் ஆகக் கூடாது என்பது விதி, ஏனென்றால் பின்பக்கம் முதலில் பிடிவிட்டால் கார் சுழன்றுவிடும். ஆகவே முதலில் காரை டிரெய்லரில் ஏற்றி, உருளை பிரேக் சோதனைக் கருவி உள்ள, எம்ஓடி என்ற வருடாந்தர வாகனச் சோதனை நடத்தும் கராஜுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரத்தின் இழுவையையும் எழுதிவாங்குங்கள். முன்பக்கம் தெளிவாக மேலோங்கும்வரை தண்டைச் சரிசெய்யுங்கள். பிறகு அது திரும்பவே முடியாதபடி பூட்டுங்கள்: இரு முனை நட்டுகளிலும் தண்டோடு சேர்த்துத் துளையிட்டு ரோல் பின் அடிப்பது நல்ல வழி. லாக் நட்டை இறுக்கிவிட்டு வந்தால் ஏற்க மாட்டார்கள், ஸ்பானர் வைத்தால் கழன்றுவிடும் என்பதால். புது பேடுகள் படியாமல் சோதனைக்குப் போனால் எண்களெல்லாம் பொய்யாக வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

திரவக் கலத்தைத் திறக்காமலேயே அளவு தெரிய வேண்டும். திரவம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அந்த விளக்கு வேலை செய்கிறதா என்று ஓட்டுநர் சரிபார்க்க வழியும் இருக்க வேண்டும். எந்தத் திரவம் என்ற குறி, ஊற்றும் வாயிலிருந்து 100 மி.மீ.க்குள். சில காசு பெறும் ஒட்டுத்தாள். இது இல்லாமல் இரண்டாம் முறை வருகிறவர்கள் உண்டு. பிரேக் குழாய்க்கு 300 மி.மீ.க்கு ஒரு கிளிப் அடித்துவிட்டால் குழாய் தொங்குகிறது என்ற பேச்சே எழாது.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுப்பார்கள். வீல் தானாக நேரை நோக்கித் திரும்ப வேண்டும். எடை குறைந்த கார்களில் இது சண்டித்தனம் செய்யும். கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, போதாமை முதல் காரணம். அடுத்தது உராய்வு: இறுகிய பால் ஜாயின்ட், கோணம் தவறிய யூனிவர்சல் ஜாயின்ட், அளவுக்கு மீறி இறுக்கிய ராக். முன் சக்கரங்களைத் தூக்கிவைத்து ஒரு விரலால் வீலைச் சுழற்றுங்கள். எங்காவது கனத்தால் அந்த இடத்தை முதலில் கவனித்துவிட்டுப் பிறகு கேஸ்டரைத் தொடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதன்மேல் 6.25 மைலும் வரை. அதாவது நிஜத்தில் 50 மைல் என்றால் முள் 50க்கும் 61.25க்கும் நடுவே நிற்க வேண்டும். மிகத் துல்லியமாக அமைக்கிறேன் என்று சரியாக 50ல் நிறுத்தினால், தேய்ந்த டயருக்குப் பதில் புதியது மாட்டினாலோ காற்றழுத்தம் கூடினாலோ 49க்கு இறங்கிவிடும். ஜிபிஎஸ் வைத்து இரண்டு மூன்று மைல் கூட்டியே வையுங்கள்.

சத்தத்துக்கு எல்லை 99 டெசிபல். எக்ஸாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகையில் மைக் வைத்து, உச்ச சக்தி கிடைக்கும் சுழற்சியின் முக்கால் பங்கில் அளக்கிறார்கள். சைலன்ஸரின் பொதி புதிதாக இருந்தால் நல்லது. புகை அளவு இன்ஜின் பிறந்த காலத்தைப் பொறுத்தது, ஆகவே இன்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு உற்பத்தித் தேதி சொல்லும் கடிதத்தைத் தயாரிப்பாளரிடம் வாங்கி வையுங்கள். கடிதம் இல்லையென்றால் பழைய கார்புரேட்டர் இன்ஜினையும் புது இன்ஜினுக்குரிய அளவில்தான் பார்ப்பார்கள்; அதில் அது தேற வழியே இல்லை.

விளக்குகள் எல்லாம் ஈ-மார்க் என்ற ஒப்புதல் முத்திரை உள்ளவையாக வாங்கினால் பாதி வேலை முடிந்தது. பின் பனி விளக்கு நடுவிலோ வலப்பக்கமோ, பிரேக் விளக்கிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி. டிப் ஹெட்லைட்டின் உயரம் தரையிலிருந்து 500 முதல் 1200 மி.மீ.

சோதனை நாளன்று அரம், யூ ரப்பர், பலவகை மூடிகள், கேபிள் டை, பல்பு, ஸ்பானர் செட் எல்லாம் கையோடு இருக்கட்டும். சின்னக் குறைகளை அங்கேயே சரிசெய்ய நேரம் கிடைப்பதுண்டு. தோற்றாலும் காரணங்கள் எழுத்தில் கையில் வரும், எந்த அளவில் எங்கே பிழை என்ற விவரத்தோடு. காரைப் பல மாதம் ஒரே கண்ணால் பார்த்தவருக்கு அந்தத் தாள் பொக்கிஷம்.

தேறியதும் கிடைக்கும் ஒப்புதல் சான்றிதழோடு வேலை, வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏ பக்கம் போகிறது. இந்தச் சேவையில் குறை சொல்ல வேண்டிய இடம் இதுதான். காரை நேரில் பார்த்துத் தேற்றியது ஓர் அலுவலகம், காகிதத்தை மட்டும் பார்த்து எண் தருவது வேறோர் அலுவலகம், ஒரே ஆதாரங்களை இரண்டு முறை அடுக்க வேண்டியிருக்கிறது. புது வாகனமானால் வி55/4 படிவம், பழையதானால் வி55/5, கூடவே வி627/1 கட்டுமான அறிக்கை, ரசீதுகள், இன்சூரன்ஸ், 55 பவுண்டு முதல் பதிவுக் கட்டணம். எல்லாப் பாகமும் புதிது என்றால், அல்லது ஒரே ஒரு பாகம் மட்டும் ரசீதோடு புதுப்பித்தது என்றால், நடப்பு ஆண்டின் எண். புது சேசிஸில், பாகங்களுக்காகக் கழற்றிய ஒரே டோனர் காரின் இரண்டு முக்கியப் பாகங்கள் என்றால் அந்த டோனரின் வயதுக்குரிய எண். ஆதாரம் காட்ட முடியாவிட்டால் வயது தெரியாத வாகனத்துக்குரிய, க்யூ எழுத்தில் தொடங்கும் க்யூ பிளேட். அதன்மேல் பிறகு விருப்ப எண் மாட்ட முடியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 டோனரின் உடலை ஸ்கிராப்புக்கு அனுப்பும் நாளில் அதன் பதிவுச் சான்றான வி5சி-யையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் க்யூ பிளேட்டோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். வி5சி-யின் இரண்டு பக்கங்களையும் முதல் நாளே ஸ்கேன் செய்து, மூலத்தைக் கட்டுமானக் கோப்பின் முதல் தாளாகச் செருகி வையுங்கள். இன்சூரன்ஸை வின் எண்ணில் எடுத்திருந்தால், பதிவு எண் வந்த அன்றே அதை மாற்றச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.