சீட் போல்டுக்கு வாங்கலாம், டேஷ்போடுக்கு வேண்டாம்: 3/8 டோர்க் ரென்ச்

ஹட்டன், நுவரெலியா மழையில் கார்பெட் ஊறிவிட்டால் சீட்டைக் கழற்றாமல் காயவைக்க முடியாது. கழற்றுவது லேசு, திருப்பிப் பூட்டுவதில்தான் வினை. ஸ்பானரில் பைப் மாட்டி இழுக்கும் பழக்கத்துக்கு இறுக்கும் அளவை 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை வைக்கக்கூடிய, அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டோர்க் ரென்ச் ஒன்று (சொக்கட் மாட்டும் முனை 3/8 அங்குலம்) முடிவுகட்டும்.

ஜப்பான் கார்களில் சீட் போல்ட் பெரும்பாலும் எம்10 (10 மில்லிமீட்டர் தடிப்பு), தலைக்கு 14 மில்லிமீட்டர் சொக்கட். பல கார்களில் 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை கேட்கும்; உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் கணக்கு. 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து 40க்கு இறுக்கினால், கையில் இரண்டு பத்துக்கிலோ அரிசிப் பையின் இழுவை தெரியும். மெதுவாக இழுங்கள், 'டிக்' என்றதும் விடுங்கள். நிச்சயப்படுத்த மறுபடி மறுபடி டிக் அடிப்பவர்கள் அளவைத் தாண்டித்தான் இறுக்குகிறார்கள்.

ஆனால் இந்த ரென்ச் பொய்ச்சாட்சியும் சொல்லும். அது பார்ப்பது திருகும்போது வரும் எதிர்ப்பை மட்டுமே. தொலைந்த போல்டுக்குப் பதிலாக ஹார்ட்வெயார் கடையின் சாதாரண எம்10 போட்டால், அதன் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர், காரில் பெரும்பாலும் இருப்பது 1.25. ஓரிரு சுற்று போய்ப் புரி கடித்து நிற்கும், ரென்ச் 'டிக்' என்று ஆமோதிக்கும். சீட் பெல்ட் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. அதற்கு எம்12 ஈடாகாது. துருவுக்குப் பயந்து கிரீஸ் பூசினாலும் கோளாறுதான்: உராய்வு குறைந்து, அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும். புத்தகம் சொன்னாலொழிய பிரஷ் போட்டுத் துடைத்து உலர்வாகவே போடுங்கள். நாலு போல்டையும் விரலால் மூன்று சுற்றாவது ஓட்டிய பிறகே ரென்ச்சைத் தொடுங்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது. கழற்றும் முன்னும் மாட்டும் முன்னும் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி மூன்று நிமிடமாவது பொறுங்கள்.

டேஷ்போட், டோர் பேட் ஸ்க்ரூவுக்கு 1, 2 நியூட்டன் மீட்டரே தாராளம். 10இல் தொடங்கும் ரென்ச்சுக்கு அங்கே வேலையில்லை, டிரில் மெஷினுக்கு அறவே இல்லை. கை ஸ்க்ரூட்ரைவரால் முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். 'டொக்' என்று ஸ்க்ரூ பழைய புரியில் இறங்கும், அங்கிருந்து வலப்பக்கம். நேராகத் திருகினால் பிளாஸ்டிக்கில் புதுப்புரி வெட்டும், இரண்டு மூன்று தடவையில் ஓட்டை செத்துவிடும். நுவரெலியாக் குளிர் காலையில் கிளிப்புகளும் பட்டென்று உடையும், வெயில் ஏறட்டும்.

குறைகள்: அளவுக்கோடுகள் குரோமில் மங்கலாக இருப்பதால், பனிமூட்டத்தில் டோர்ச் இல்லாமல் வாசிக்க முடியாது. சீட் ரெயிலுக்கும் கொன்சோலுக்கும் இடையில் ரென்ச்சின் தலை நுழையாது. நேரான எக்ஸ்டென்ஷன் போடலாம், அளவு மாறாது. சிறிய எம்6 போல்ட் கேட்கும் 10 நியூட்டன் மீட்டருக்கும் இதை நம்பாதீர்கள், அடிமட்ட அளவில் துல்லியம் தேயும். இறுகிய போல்டை இதால் கழற்றவே வேண்டாம். வேலை முடிந்ததும் 10க்கு இறக்கி வையுங்கள்.

வாங்கும்போது அளவுச் சான்றிதழின் இலக்கமும் ரென்ச்சில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பெட்டியை மூடிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.